ஆயர் வீடு வீடாகப் போனால் போதாதா? பிரசங்கத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?

இறையியல் படிப்பை முடித்து, கிராமச் சேகரம் ஒன்றில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதி) பொறுப்பேற்று எட்டு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, திங்கள் முதல் சனி வரை வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி, துக்க வீடு, கட்டடக் கமிட்டி என்று ஓடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பிரசங்கத்துக்கு உட்கார முடிகிறது. ஜனங்களோ நான் வீட்டுக்கு வந்து ஜெபித்ததைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பிரசங்கத்தை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுகிறார்கள். நல்ல பிரசங்கம் வேண்டும் என்றால் யூடியூபில் கிடைக்கிறது. அப்படியிருக்க, வேதத்தை விளக்கிப் பிரசங்கிப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறார்கள்? மந்தையோடு கூட இருப்பதுதானே மேய்ப்பனுக்கு வேலை?"

தம்பி, அந்தச் சனிக்கிழமை ராத்திரி எனக்கும் தெரியும். முப்பத்தோரு வருடம் சேகரங்களில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். முதல் ஏழு வருடம் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் ஓடினேன். அந்த ஏழு வருடத்துக்குள் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பதில் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு டிசம்பர் 31, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை. அந்த வருடத்து வாக்குத்தத்த வசனமாக எரேமியா 29:11 எடுத்திருந்தேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம். குடும்பத்துக்கு ஒன்று என்று அட்டை அடித்துக் கொடுத்தோம். "இந்த வருடம் நீங்கள் எதிர்பார்க்கிற முடிவைக் கர்த்தர் தருவார்" என்று அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசினேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

சபையில் ஒரு சகோதரி. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது; வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அந்த அட்டையை அடுப்படியில் மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தார். நான் ஜெபிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கையில் எடுத்து எனக்குக் காட்டுவார். நானும் அந்த வசனத்தையே பிடித்து ஜெபித்துவிட்டு வருவேன். ஜூலையில் கணவர் இறந்துபோனார். அடக்க ஆராதனை முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். அந்த அம்மா அழவில்லை. அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, "ஐயா, நான் எதிர்பார்த்த முடிவு இது இல்லையே. தப்பு யாருகிட்ட, என்கிட்டயா, வசனத்துலயா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று ராத்திரிதான் எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்தேன். அதற்கு முன் அப்படி வாசித்ததே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது? எருசலேமிலிருந்து முதல் கூட்டம் ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயாகிவிட்டது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், ஏனென்றால் எழுபது வருஷம் ஆகும். நான் அட்டையில் அச்சடித்த பதினோராம் வசனம் அந்த எழுபது வருஷத்தைச் சொல்கிற பத்தாம் வசனத்துக்கு அடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே மண்ணுக்குள் போகப் போகிறவர்கள். அவர்களுக்குத்தான் கர்த்தர் "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை" என்கிறார். நாம் சாகிற இடத்தில்கூடக் கைவிடாத தேவன், நம் ஆயுசுக்குள் முடிந்துபோகாத வாக்கு. அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதை விட்டுவிட்டு, அனனியாவின் பிரசங்கத்தை எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு நான் செய்திருக்கிறேன்.

இதில் உங்கள் கேள்விக்கு நேராக வருகிற இடம் இதுதான். அந்த ஆறு மாதத்தில் நான் அந்த வீட்டுக்கு இருபது முறையாவது போயிருப்பேன். சந்திப்பில் குறையே வைக்கவில்லை. ஆனால் பீடத்தில் எதை விதைத்தேனோ அதைத்தான் ஒவ்வொரு முறையும் வீட்டில் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு வந்தேன். பிரசங்கம் தவறியபோது சந்திப்பும் சேர்ந்தே தவறிப்போனது.

மறுவருடம் ஜனவரியில் அந்த மூன்று அதிகாரங்களையும் நாலு ஞாயிறு வரிசையாக எடுத்துப் பேசினேன். முந்தின வருடம் நான் சொன்னது தவறு என்று பீடத்திலேயே ஒத்துக்கொண்டேன். நாலாவது ஞாயிறு, கோயில் வாசலில் அந்த அம்மா நின்று சொன்னது: "எழுபது வருஷம்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அவரோட கடைசி மாசங்கள்ல வேற மாதிரி இருந்திருப்போம் ஐயா. சாவைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசவே இல்ல. பேசினா அவிசுவாசம்னு பயந்துட்டோம்."

அதற்குப் பிறகு நான் சனிக்கிழமை ராத்திரி பிரசங்கம் தயாரித்ததில்லை.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். மேய்ப்பனுக்கு மந்தையோடு இருப்பதுதானே வேலை என்கிறீர்கள். ஆமாம். ஆனால் தமிழ்ச் சபையில் நமக்கு வைத்திருக்கிற பெயர்களையே பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் நம்மை ஆயர் என்கிறார்கள்; மற்றப் பல சபைகளில் போதகர். ஆயர் என்றால் மேய்க்கிறவர், போதகர் என்றால் போதிக்கிறவர். எபேசியர் 4:11இல் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் "மேய்ப்பராகவும் போதகராகவும்" என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுட்டுச்சொல்தான் (ஆங்கிலத்தில் the மாதிரி) நிற்கிறது. மேய்ப்பதும் போதிப்பதும் பிரிக்க முடியாதபடி பின்னியவை என்று அதை வைத்துப் பலர் விளக்குகிறார்கள். ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார். மந்தையோடு கூடவே நடந்துவிட்டு, மேய்ச்சல் காட்டாமல் பொழுது சாய ஓட்டிக்கொண்டு வந்தால் ஆடு இளைத்துத்தான் போகும்.

பவுல் மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களைக் கூப்பிட்டு விடைபெறுகிற பேச்சு அப்போஸ்தலர் 20இல் இருக்கிறது. ஊழியத்தைப் பற்றிச் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் திரும்பிப் போகிற அதிகாரம் அது. "வெளியரங்கமாக உங்களுக்குள்ளே வீடுகள்தோறும்" பிரசங்கித்தேன் என்கிறார். சபையிலும் வீட்டிலும் அவர் கொண்டுபோனது ஒரே சரக்கு. மூன்று வருஷம் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னதாகச் சொல்கிற அதே வாய்தான், தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்காமல் எல்லாவற்றையும் அறிவித்தேன் என்றும் சொல்கிறது. கண்ணீர் ஒரு ஆளுக்கு, போதனை இன்னொரு ஆளுக்கு என்று அங்கே வேலையைப் பிரித்துக் கொடுக்கவில்லை.

இன்னும் நெருக்கமான காட்சி எம்மாவு வழியில் இருக்கிறது. நம்பினவரை அடக்கம் பண்ணிவிட்டு இரண்டு பேர் மனம் உடைந்து நடக்கிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கூடவே நடந்து போகிறார். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துக்கம் அந்த நொடியே தீர்ந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் அவர்கள் மனக்குறையை முழுக்கச் சொல்ல விடுகிறார். அப்புறம் மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரை வேதவாக்கியங்களை எடுத்து விவரிக்கிறார். அப்பம் பிட்கும்போதுதான் கண் திறக்கிறது. ஆனால் பிற்பாடு அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது எதைப் பற்றி? வழியில் அவர் வேதத்தை விளங்கக்காட்டினபோது நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று. துக்க வீட்டு ஊழியத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. கூட நடந்தார், கேட்டார், வேதத்தைத் திறந்தார்.

வேதத்தை விளக்கிப் பிரசங்கிப்பது என்றால் என்ன என்பதிலும் நம்மிடையே குழப்பம் இருக்கிறது. ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, ஏற்கெனவே மனதில் இருந்ததைப் பேசுவது ஒன்று. வசனம் என்ன சொல்கிறதோ அதுவே பிரசங்கத்தின் முதுகெலும்பாக நிற்பது இன்னொன்று. முன்னதில் வசனம் பேச்சுக்கு வாசலில் கட்டுகிற தோரணம் மாதிரி. கழற்றிவிட்டாலும் பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் பிரசங்கத்திலிருந்து அந்த வசனத்தை எடுத்துவிட்டு வேறொரு வசனத்தை வைத்துப் பாருங்கள். பேச்சு மாறாமல் அப்படியே ஓடுகிறது என்றால் அது அந்த வசனத்தின் பிரசங்கம் இல்லை. பிலிப்பியர் 4:13ஐ, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை, பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுக்கு ஜெபிக்கும்போது எத்தனை முறை கேட்டிருப்போம்! அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பசியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார் என்பதைப் பரீட்சையில் தவறிப்போன பிள்ளைக்கு யார் சொல்வது? அந்தப் பிள்ளைக்குத்தானே அந்த வசனம் அதிகமாக வேண்டியது?

நெகேமியா 8இல் எஸ்றா மரத்தால் செய்த பீடத்தில் ஏறி நிற்கிறார். விடிந்தது முதல் மத்தியானம் வரை வாசிப்பு. எட்டாம் வசனம் நம் வேலையை மூன்று வினைச்சொல்லில் சொல்லிவிடுகிறது: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." ஜனங்கள் அழுகிறார்கள். அப்புறம், சொன்னது விளங்கியதால் சந்தோஷமாகப் போய்ச் சாப்பிடுகிறார்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புகிறார்கள். யாரும் அவர்களை அழவைக்க முயற்சி செய்யவில்லை. மைக்கும் கீபோர்டும் இல்லை.

இந்த "அர்த்தஞ்சொல்லி" என்பது தமிழில் பிரசங்கிக்கிற நமக்கு இரட்டிப்பு வேலை. நாம் கையில் வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் உருவாகி 1871இல் வந்தது. அதன் நடை நம் ஜெபத்திலும் பாட்டிலும் ஊறிப்போயிருக்கிறது, எனக்கு உயிர். ஆனால் நூற்றைம்பது வருடத்தில் சொற்கள் நகர்ந்துவிட்டன. ஒருமுறை திடப்படுத்தல் வகுப்பில் (பிள்ளைகளை முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்துகிற வகுப்பு) 1 பேதுரு 5:7ஐ வாசிக்கச் சொன்னேன்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." என்ன புரிந்தது என்று கேட்டதற்குப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், "கடவுள் நம்மளை விசாரணை பண்ணுவார் ஐயா, அதனால பயந்து நடக்கணும்" என்றான். அவனுக்குத் தெரிந்த விசாரணை போலீஸ் விசாரணைதான். அந்த வசனத்தில் "விசாரிக்கிறவர்" என்றால் அக்கறைப்படுகிறவர், கவனித்துக்கொள்கிறவர். ஒரே ஒரு சொல், தம்பி. அதை விளக்காமல் விட்டதால் வேதத்திலேயே மிக இனிமையான வசனங்களில் ஒன்று அந்தப் பையனுக்கு மிரட்டலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்போஸ்தலர் 20:28இல் மூப்பர்களைப் பரிசுத்த ஆவி "கண்காணிகளாக" வைத்தார் என்று வருகிறது. இதை இலங்கை மலையகத் தோட்டத்தில் நின்று விளக்கமில்லாமல் வாசித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த தாத்தா காலத்துக் கங்காணியின் கடனும் கம்பும்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். கிராமச் சபைகளில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வேதாகமத்தைத் துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள், மடியில் வைத்திருப்பார்கள், பிரிக்க மாட்டார்கள். ஞாயிறு காலை அந்த அரைமணி நேரம்தான் அவர்களுக்கு வேதாகமம். நம் முன்னோர் கிராமங்களுக்கு அனுப்பிய ஊழியரை உபதேசியார் என்றே கூப்பிட்டதும் அதனால்தான். தரங்கம்பாடியில் 1733இல் அபிஷேகம் பெற்ற ஆரோன் ஐயர், இந்தியாவின் முதல் சுதேச லுத்தரன் குரு, ஊர் ஊராகப் போய்ச் செய்ததும் போதிக்கிற வேலைதான். அந்த அரைமணி நேரத்தில் நாம் செய்தித்தாள் கதையும் கன்வென்ஷன் ஜோக்கும் சொல்லிவிட்டு இறங்கினால், அந்தப் பாட்டி அடுத்த ஞாயிறு வரை பட்டினி.

யூடியூபைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே நல்ல பிரசங்கங்கள் இருக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உங்கள் சபையில் யார் வேலை இழந்தார், எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் ஐந்து வருடமாகப் பேசுவதில்லை என்று தெரியாது. பவுலின் நிருபங்களில் பலவும் ஊர்ப் பெயர் போட்டு எழுதியவைதான். பிலிப்பியர் 4:2இல் எவோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களைப் பெயர் சொல்லியே ஒருமனப்படச் சொல்கிறார். அவர்களைத் தெரிந்த ஒருவரால்தான் அது முடியும். நீங்கள் வாரமெல்லாம் ஓடுகிற ஓட்டம் இங்கேதான் பிரசங்கத்துக்குள் வந்து சேர்கிறது. வீடு சந்திப்பு இல்லாத ஆயரின் பிரசங்கம் காற்றில் சிலம்பம் வீசுகிற மாதிரி.

அந்தப் பக்கத்தையும் விடாமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் பதினேழாம் நூற்றாண்டில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர் பெரிய பிரசங்கி. அவரும் அவருடைய உதவி ஊழியரும் வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, சேகரத்தின் ஏறக்குறைய 800 குடும்பங்களையும் ஒரு வருடத்துக்குள் தனித்தனியாகச் சந்தித்து வினாவிடை உபதேசத்தைக் கேட்டு விளக்கினார்கள். பத்து வருடம் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் பெறாத சிலர், அரைமணி நேரம் நேருக்கு நேர் பேசியதில் அதிகம் பெற்றார்கள் என்று பாக்ஸ்டர் எழுதி வைத்திருக்கிறார். அதனால் நீங்கள் வீடு சந்திப்பைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். பாக்ஸ்டர் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தது என்ன என்பதை மட்டும் கவனியுங்கள்.

வேதத்தை வரிசையாக எடுத்துப் பிரசங்கிப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. நம் சபைகளின் நிலைமையைப் பார்த்தால் அதுதான் மிக அவசரமானது என்று நினைக்கிறேன். பீடம் நம்முடைய கோபத்துக்கு ஆயுதமாகாமல் அது காக்கிறது. சபைத் தேர்தல் சமயத்தில் பீடத்திலிருந்து ஆள் குறிவைத்து அடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வசனத்தை நானே தேடி எடுத்தால், நேற்றுக் கமிட்டியில் என்னை எதிர்த்தவருக்கு ஏற்ற வசனம் கையில் வந்து மாட்டும். மனித மனம் அப்படி. ஜெனீவா நகரம் சபைச் சீர்திருத்தத் தலைவர் கால்வினை 1538இல், ஈஸ்டரை ஒட்டி, ஊரைவிட்டே வெளியேற்றியது. 1541 செப்டம்பரில் அதே நகரம் கெஞ்சித் திரும்ப வரவழைத்தது. அவர் பீடத்தில் ஏறியபோது எதிரிகளைப் பற்றி என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். தன் ஊழியத்தைப் பற்றிச் சில வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு, முன்பு எந்த இடத்தில் நிறுத்தினாரோ அந்த இடத்திலிருந்து வேதத்தைத் தொடர்ந்து விளக்க ஆரம்பித்தார். கால்வினின் எல்லாச் செயலோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இந்த ஒரு காலைப்பொழுதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அடங்குகிறது.

அதேபோல் நாம் சுற்றிக்கொண்டு போகிற வசனங்களும் வரிசையில் வந்து முன்னால் நிற்கும். சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சபைக்கு இது புதிய புண் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. இன்றைக்கு யாராவது சாதி என்று தலைப்புப் போட்டுப் பேசினால், ஐயா எந்த அணி என்று கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் கலாத்தியரை முதல் வசனத்திலிருந்து வாராவாரம் எடுத்து வந்தால், இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்குகிற இடம் வந்துவிடும். பவுல் அதை முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். அதைச் சாப்பாட்டு விஷயமாகப் பார்க்காமல் சுவிசேஷத்தின் விஷயமாகவே பார்க்கிறார். சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பந்தியில் உட்கார்ந்து பழகின நம் ஜனத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு சேகரத்தில் நான் அந்தப் பகுதிக்கு வந்த ஞாயிறு, கோயில் அவ்வளவு அமைதியாக இருந்ததை வேறு எப்போதும் கேட்டதில்லை. யாரும் என்னிடம் கோபிக்கவில்லை. இந்த வசனம் இந்த வாரம் வரும் என்று நோட்டீஸ் பலகையில் ஒரு மாதத்துக்கு முன்பே போட்டிருந்தோம்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விளக்கப் பிரசங்கம் என்ற பெயரில் வகுப்பு எடுக்காதீர்கள். கல்லூரியில் கற்ற கிரேக்கச் சொல் சமையலில் உப்பு மாதிரி. கரைந்திருக்க வேண்டும், பல்லில் கடிபடக் கூடாது. மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ் என்ற பிரசங்கியார் லண்டனில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ரோமர் நிருபத்தை 1955 முதல் 1968 வரை எடுத்தார். பதினான்காம் அதிகாரத்தின் நடுவிலேயே நின்றது. அது அவருக்கும் அந்தச் சபைக்கும் தகுந்தது. வயல் வேலை முடித்து வருகிற ஜனத்துக்கு ஒரு புத்தகத்தை மூன்று நாலு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நேரம் முப்பது நிமிடம் போதும். சி.எஸ்.ஐ. முறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் தலைப்பும் வேதபாடங்களும் குறித்திருக்குமே என்று கேட்பீர்கள். அதுவும் நல்லதுதான், நாம் விரும்பினதையே பேசாமல் அதுவும் தடுக்கிறது. குறித்த பாடங்களில் ஒன்றை மட்டும் எடுத்து முழுதாகத் திறங்கள். வரிசையாக எடுப்பதை மாலை ஆராதனையிலோ வாரநாள் வேதபாடத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

பிரசங்கத்தை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். போன மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கும் நினைவில்லை. ஆனால் அந்தச் சோறுதான் இந்த உடம்பை நிறுத்தியிருக்கிறது. மரணப் படுக்கையில் உட்காரும்போது உங்களுக்கே இது தெரியவரும். பத்து வருடம் ஒழுங்காக வசனம் கேட்ட ஒருவர் கடைசி நேரத்தில் பேசுகிற விதமே வேறு. அவருக்கு நாம் புதிதாக எதையும் சொல்ல வேண்டியிருக்காது. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொன்னால் மறுபாதியை அவர் சொல்லி முடிப்பார்.

இனி வேலைக்கு வருவோம். பிலிப்பியரில் ஆரம்பியுங்கள். நாலு அதிகாரம், 104 வசனம். பன்னிரண்டு வாரத்தில் நிதானமாக முடிக்கலாம். சிறைக்குள்ளிருந்து எழுதிய கடிதம், சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசுகிற கடிதம். கஷ்டத்தில் இருக்கிற சபைக்கு ஏற்றது. அறுப்புக் காலம் நெருங்கினால் ரூத். 85 வசனம்தான், மாமியார் மருமகள், கதிர் பொறுக்குதல், நிலம் மீட்பு என்று நம் கிராமத்துக்கு அந்நியமான எதுவும் அதில் இல்லை. பகுதியைத் திங்கட்கிழமையே தீர்மானித்துவிடுங்கள். ஞாயிறு காலைக்குள் பத்து இருபது முறை வாசிக்கிற அளவுக்கு அது உங்களோடு இருக்கட்டும். செவ்வாயும் புதனும் வீடு சந்திப்புக்குப் போகும்போது வேறு வசனம் தேடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த பகுதியையே அங்கேயும் வாசியுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் அதையே. வியாழனன்று இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசியுங்கள். வெள்ளிக்கிழமை முழுப் பிரசங்கத்தையும் எழுதி முடித்துவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி தூங்குங்கள்.

வருகிற திங்கட்கிழமை பிலிப்பியர் முதல் அதிகாரத்தின் முதல் பதினோரு வசனங்களை எடுத்துக்கொண்டு, முதலில் போகிற வீட்டில் சத்தமாக வாசித்துவிட்டு, அங்கே இருக்கிற மூத்த அம்மாவிடம் எந்தச் சொல் புரியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை அந்தச் சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள்.